மாயாவிக்கு வேண்டிய புது வாசகர்

2011 செப்டம்பரில் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் தன் கதையுலகம் முழுவதையும் புதிதாகத் தொடங்கியது. ‘நியூ 52’ என்று பெயர். 52 மாத இதழ்கள், அத்தனையும் ஒன்றாம் எண். 1938-இல் சூப்பர்மேனை அறிமுகப்படுத்திய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’, 1939-இல் பேட்மேனைத் தந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ ஆகிய இதழ்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணி வந்த கணக்கைக்கூட மூடிவிட்டார்கள். சூப்பர்மேன் இளைஞரானார். உடைக்கு மேல் அணிந்திருந்த சிவப்புக் கால்சட்டை போயிற்று. லோயிஸ் லேனுடன் நடந்த கல்யாணம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. முன்கதை எதுவும் தெரியாத ஒருவர் இன்றைக்குக் கடைக்கு வந்தாலும் முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம் என்பது அவர்கள் நியாயம்.

நான்கு மாதம் கழித்து, 2012 ஜனவரியில், சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் லயனும் அதன் சகோதர இதழான முத்து காமிக்ஸும் எப்போதாவது ஒரு இதழ் என்று மெலிந்து போயிருந்தன. வருமா வராதா என்று காத்துக் கிடந்தவர்கள் கையில் திடீரென்று ஒரு கனத்த புத்தகம். பத்து ரூபாய்க்கு வாங்கிப் பழகியவர்களுக்கு விலை 100 ரூபாய். அதைத் தொடர்ந்து வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில் இதழ்கள் வரத் தொடங்கின. ஆனால் எண் ஒன்றுக்குத் திரும்பவில்லை. விட்ட இடத்திலிருந்தே எண்ணினார்கள். எந்த நாயகரின் வயதும் குறையவில்லை, யாருடைய கல்யாணமும் ரத்தாகவில்லை. மாறியவை தாளும் அச்சும் அளவும் விலையும்.

இரண்டையுமே ஆசையோடு கவனித்த வாசகன் நான். சாகச நாயகர்களின் கதைகளை மறுபடி தொடங்குவது என்றால் என்ன, எப்போது அது பலிக்கிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அமெரிக்கர்கள் நாயகரை மாற்றிப் பார்த்தார்கள். நாம் புத்தகத்தை மாற்றிப் பார்த்தோம். இரண்டு இடத்திலும் மாறியிருக்க வேண்டியது வாசகர் கூட்டம் என்பது என் எண்ணம்.

*

எங்கள் அச்சரப்பாக்கத்தில் பிறக்கும் குழந்தை முதலில் கேட்கும் சாகசக் கதை தேர் அச்சு முறிந்த கதை. திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் புறப்படுகிறார். பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரம்மா சாரதி, மேருமலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இவ்வளவு ஆயத்தத்தோடு கிளம்பியவர் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார். எங்கள் ஊர் வந்ததும் தேரின் அச்சு முறிந்தது. ஆட்சீஸ்வரர் கோயிலின் தலபுராணம் இதுதான். ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. அருணகிரிநாதர் திருப்புகழில் அந்த அச்சு பொடியானதையே பாடிவைத்திருக்கிறார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லையில்லாத வல்லமை, அந்த வல்லமையைத் தடுத்து நிறுத்தும் ஒரு சின்ன விஷயம். சாகசக் கதைக்கு அடிப்படை இந்த இரண்டும்தான். முப்புரம் எரிந்ததைக் காட்டிலும் அச்சு முறிந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். இந்தக் கதையை யாரும் புதுப்பிக்கவில்லை. சிவனுக்கு வயதைக் குறைக்கவில்லை, தேருக்கு இயந்திரம் பூட்டவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு பாட்டி ஒரு குழந்தையை மடியில் உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னார். கதை வாழ்வதற்கு அது போதுமானதாக இருந்தது.

*

1972 ஜனவரியில் சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மூலம் பிரிட்டனில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் தொடங்கிய ‘தி ஸ்டீல் கிளா’. கென் பல்மர் எழுத, பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்துக்குப் பிறகு, உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துபோவார். ஆனால் இரும்புக் கை மறையாது.

கதையின் உயிர் அந்தக் கடைசி விதியில் இருக்கிறது. முழுவதும் மறைந்துபோகும் மனிதனுக்கு ஆபத்து கிடையாது, ஆபத்து இல்லாத இடத்தில் கதையும் கிடையாது. பிளாஸ்கோ அதை எப்படிக் காட்டுகிறார் என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் விரல் மின்சார பிளக்கை நோக்கிப் போகிறது. அடுத்ததில் உடல் வெளிறித் துடிக்கிறது. அதற்கடுத்ததில் அறை காலி, அந்தரத்தில் ஒரு கை மட்டும். அந்த மூன்றாவது கட்டத்தில் அவர் பின்னணியை நல்ல கறுப்பாகத் தீட்டியிருப்பார். இரும்பின் மீது விழும் வெளிச்சம் மட்டும் தாளின் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். காவலாளி திரும்பிப் பார்ப்பாரா, கை சட்டென்று எதற்குப் பின்னால் ஒளியும் என்ற பதற்றம் முழுவதும் அந்த வெள்ளைத் துண்டில்தான் நிற்கிறது. இதற்கு வண்ணம் பூசுவது கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிராங்கோ-பெல்ஜியக் கதை நாயகர் லார்கோ வின்ச் வண்ணத்துக்காகவே வரையப்பட்டவர், அவரை வண்ணத்தில் தந்தது சிவகாசி செய்த பெரிய காரியம். மாயாவியை நிழலும் ஒளியுமாகவே விட்டுவிட வேண்டும்.

வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர் என்பதால், ஒவ்வொரு இரண்டு மூன்று பக்கத்துக்கும் ஒரு ஆபத்தில் கதையை நிறுத்தியாக வேண்டிய கட்டாயம் மூலத்தில் இருந்தது. பிரிட்டிஷ் சிறுவன் ஏழு நாள் காத்திருந்து அறிந்துகொண்டதைத் தமிழ்ச் சிறுவன் பக்கத்தைப் புரட்டியதுமே அறிந்துகொண்டான். வாரக்கணக்கில் பரவியிருந்த பரபரப்பு முழுவதும் எங்களுக்கு ஒரே உட்காரலில் கிடைத்தது. மாயாவி தமிழ்நாட்டில் அத்தனை பெரிய ஆளானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாயாவி மூலத்திலேயே மாறிக்கொண்டிருந்தவர். முதலில் சக்தி தலைக்கேறிய குற்றவாளி. பிறகு நிழற்படையின் உளவாளி. அமெரிக்க நாயகர்களின் அலை அடித்தபோது சில காலம் தனி உடை மாட்டிக்கொண்டு திரிந்தார், பின் அதைக் கழற்றி வைத்தார். எட்டாண்டுகளில் இத்தனை மாற்றம். ஆகவே நாயகரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை மாற்றினாலும் அந்த மறையாத கை இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கியவர் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன். அப்போது அவருக்குப் பதினேழு வயது. லயனைத் தூக்கி நிறுத்தியவர் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. கூர்மையான காதும் கறுப்பு உடையுமாக, குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகத் துடிப்பவர். 1965-இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய, ‘லயன்’ என்ற அதே பெயருள்ள பிரிட்டிஷ் வார இதழில் இவர் கதை தொடங்கியது. கொஞ்ச காலத்தில் எழுதும் பொறுப்பு ஜெர்ரி சீகல் கைக்குப் போயிற்று. ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர் சீகல். 1938-இல் அந்த உரிமையை வெறும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க அதற்காகப் போராடியவர். சூப்பர்மேனைப் பெற்றவர் எழுதிய வசனத்தைத்தான் நாங்கள் எண்பதுகளில், அவர் யாரென்றே தெரியாமல், சாணி நிற நியூஸ்பிரிண்டில் படித்துக்கொண்டிருந்தோம். தன் சிருஷ்டியை இழந்த ஒருவர், தோற்க மறுக்கும் ஒரு திருடனை எழுதினார் என்று இன்று நினைக்கும்போது ஸ்பைடரின் ஆணவத்தில் வேறொரு வலி தெரிகிறது.

*

அமெரிக்க மறுதொடக்கங்களுக்கு வருகிறேன். நியூ 52 முதல் சில மாதங்களில் நன்றாக விற்றது. ஆனால் நீண்ட நாள் நிற்கவில்லை. 2016-இல் ‘ரீபர்த்’ என்று இன்னொரு தொடக்கம் அறிவித்தபோது கல்யாணமான பழைய சூப்பர்மேன் திரும்ப வந்தார். ஆக்‌ஷன் காமிக்ஸ் பழைய கணக்குக்கே போய் 957 என்று எண் போட்டுக்கொண்டது, டிடெக்டிவ் 934 என்று போட்டது. 2018-இல் ஆக்‌ஷன் காமிக்ஸின் 1000-ஆவது இதழ் வந்தபோது சிவப்புக் கால்சட்டையும் திரும்பியது. ஐந்தாண்டு முயற்சிக்குப் பிறகு அவர்கள் எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

ஏன் தோற்றது? எடுத்தவை எல்லாம் மேலோட்டமானவை. கால்சட்டையை எடுத்தாலும் சூப்பர்மேன் அவரேதான். கல்யாணத்தை எடுத்தால் வாசகர் சேர்த்துவைத்த அன்பு மட்டும் குறையும். புதிதாகச் சொல்ல ஒரு கதை இல்லாதபோது எண்ணை மாற்றுவது விற்பனைத் தந்திரமாக முடிகிறது.

பலித்த முயற்சியும் உண்டு. 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையத் தொடங்கிய ‘அப்சல்யூட் பேட்மேன்’ அப்படிப்பட்டது. இந்தப் பேட்மேனிடம் பணமில்லை. மாளிகை இல்லை, வேலைக்காரர் இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர். உயிரியல் பூங்காவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் சாகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். மகன் பொறியாளனாகக் கைவேலை தெரிந்தவனாக வளர்கிறான். எண்பது ஆண்டுகளாகப் பேட்மேனின் சக்தியே அவர் சொத்துதான் என்று சொன்னவர்கள் உண்டு. ஸ்னைடர் அதையே பிடுங்கிவிட்டு, பிறகும் இவர் பேட்மேன்தானா என்று கேட்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஆமாம் என்று பதில் வருகிறது. அதே ஆண்டு ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுதத் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்-மேன்’ இதழில் பீட்டர் பார்க்கர் கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு, முப்பதைத் தாண்டிய பிறகு சக்தி பெறுகிறார். பள்ளிப் பையனின் கதை என்று எல்லோரும் நம்பியதைக் குடும்பஸ்தனின் கதையாக்கியும் உயிர் போகவில்லை. குடும்பத்திடம் எதை மறைப்பது, எதற்காகத் துணிவது என்ற பழைய தவிப்பு இன்னும் கூர்மையாகிறது.

இவற்றிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் எளிமையானது. மறுதொடக்கம் செய்பவர் நாயகரிடமிருந்து பெரிதாக ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டும். எடுத்த பிறகு எஞ்சுவது எதுவோ அதுதான் நாயகர். அதைக் கண்டுபிடிக்கும் துணிச்சல் இல்லையென்றால் பழைய கதையைப் பழையபடியே நல்ல தாளில் அச்சிடுவது ஆயிரம் மடங்கு மேல்.

*

இந்தத் துணிச்சல் நமக்கு இருந்தாலும் பயன் இல்லை. மாயாவியும் ஸ்பைடரும் நம்முடையவர்கள் அல்லர். அந்தப் பழைய பிரிட்டிஷ் கதைகளின் உரிமை 2018-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள ரெபெல்லியன் நிறுவனத்துக்குப் போயிற்று. 2021-இல் மாயாவியின் ஆரம்பக் கதைகளும் ஸ்பைடர் கதைகளும் அவர்கள் பதிப்பில் நூலாக வந்தன. மாயாவியைப் புதிதாக எழுதுவதென்றால் அவர்கள்தான் எழுத வேண்டும். அரை நூற்றாண்டாக நாம் நேசித்த நாயகரின் வாழ்க்கையில் ஒரு வரிகூட மாற்ற நமக்கு உரிமையில்லை. நமக்கு இருப்பது அச்சிடும் உரிமை, படிக்கக் கொடுக்கும் உரிமை. ஆகவே தமிழில் காமிக்ஸின் மறுதொடக்கம் என்பது வாசகரிடத்தில்தான் நடக்க முடியும்.

2012-க்குப் பிறகு சிவகாசி செய்தவற்றை மனதார மெச்சுகிறேன். இத்தாலிய நாயகர் டெக்ஸ் வில்லர் ராஜநடை போட்டார். இத்தாலிய, பிராங்கோ-பெல்ஜியக் கதைகள் மூலத்தின் அளவிலும் வண்ணத்திலும் வந்தன. கிராபிக் நாவல் என்ற வடிவம் தமிழ் வாசகர் கைக்குத் தொடர்ந்து கிடைத்தது. மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகியோரின் பழைய கதைகள் மறுபதிப்பாகவும் வந்தன. உலகத்தில் எத்தனையோ மொழிகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதைத் தாங்கிப் பிடித்தது சந்தா கட்டிய வாசகர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறுவர்களாக இருந்தவர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் லயன்-முத்து அரங்கில் நின்று பார்த்தால் தெரியும். நரைத்த தலைகள் மாயாவியைத் தேடி எடுக்கின்றன. உடன் வந்த பிள்ளைகள் ஓரமாக நிற்கிறார்கள்.

மறுபதிப்பு வந்தவுடன் எங்களுக்குள் நடக்கும் பேச்சும் வேறு. அட்டை பழைய அட்டையா, பக்கம் குறைந்திருக்கிறதா, பழைய மொழிபெயர்ப்பா என்று ஆராய்கிறோம். கதை என்ன ஆகும் என்று யாரும் பதறுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை. நாங்கள் படிப்பது எங்கள் பத்து வயதை. அதில் எனக்குக் குறையில்லை, அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன என்று தெரியாமல் புரட்டும் ஒரு விரலாவது இல்லாவிட்டால் மாயாவி உயிரோடு இருப்பதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த விரல்களை அன்று கொண்டுவந்தது ஜி.எஸ்.டி. சாலையோரப் பெட்டிக்கடை. வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். லயன், முத்து, திகில், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் எல்லாம் ஒரே கயிற்றில். திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் பள்ளி விட்டு வருபவர்களும் அட்டையைப் பார்க்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் கடைக்காரர், “தம்பி, வாங்கறதா இருந்தா எடு, இல்லேன்னா தொங்கட்டும்” என்பார். வாங்க முடியாதவனுக்கு வாடகைக்குத் தரும் கடை இருந்தது. அதுவும் முடியாதவனுக்குப் பழைய பேப்பர் கடை. ஒரு இதழ் ஒரு தெருவையே சுற்றி வரும். காமிக்ஸ் வேண்டும் என்று நாங்கள் தேடிப் போகவில்லை, அது எங்கள் வழியில் தொங்கியது.

இன்று சந்தா கட்டினால் கூரியரில் வருகிறது. யாருக்கு ஏற்கெனவே தெரியுமோ அவருக்குத்தான் வருகிறது. எங்கள் ஊரில் இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு இரும்புக்கை மாயாவி என்று ஒருவர் இருந்ததே தெரிய வழியில்லை.

செல்போன் வந்துவிட்டது, பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ் பேசியபோது, விஜய் சேதுபதி குரலில் பேசிய அயர்ன்மேன் செத்ததற்கு அழுத பிள்ளைகளை நான் அறிவேன். சாகச நாயகர் மீது அவர்களுக்குப் பசி இருக்கிறது. சினிமா அந்தப் பசிக்கு வேகமாகப் பரிமாறிவிட்டுப் போகிறது. அந்தரத்தில் நிற்கும் கையை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைச் சினிமாவில் இயக்குநர் தீர்மானிக்கிறார். புத்தகத்தில் அதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடப்பதை அது தானே இட்டு நிரப்புகிறது. படிக்கத் தடுமாறும் பிள்ளையும் படத்தைப் பிடித்துக்கொண்டு வரியை எட்டிவிடும். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததை விட்டுச் சரளமாகப் படிக்கப் பழகியது காமிக்ஸ் வசனங்களில்தான்.

அதனால் என் வேண்டுகோள் இது. வழவழப்பான தாளில் பெரியவர்களுக்கான வரிசை நடக்கட்டும். அதனோடு, மெலிந்த, கறுப்பு வெள்ளை, சாதாரணத் தாள், ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் விலையில் ஒரு வரிசை வேண்டும். அதில் மாயாவி முதல் கதையிலிருந்து, குற்றவாளியாக இருந்த நாளிலிருந்து வர வேண்டும். அந்தப் புத்தகங்களில் ‘மறுபதிப்பு’ என்ற சொல் இருக்க வேண்டாம், புதியவருக்கு அது புதுக்கதை. கிளை நூலகங்களும் அரசுப் பள்ளி நூலகங்களும் அதை வாங்க வேண்டும். பேருந்து நிலையக் கடையில் அது தொங்க வேண்டும்.

எல்லாப் பழைய கதையும் இதற்கு உதவாது. ‘தி ஜங்கிள் ரோபோ’ என்ற பெயரில் 1952-இல் தொடங்கியவர் நம் இரும்பு மனிதன் ஆர்ச்சி. அந்தக் காலத்துக் காட்டுக் கதைகளில் ஆப்பிரிக்க மக்களை வரைந்த விதத்தை இன்றைய குழந்தையிடம் அப்படியே கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. பெண்கள் பல கதைகளில் கண்ணிலேயே படுவதில்லை. எதைக் கொடுப்பது, எதை ரசிகர்களின் அலமாரியோடு நிறுத்துவது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு பதிப்பாளருக்கும் எங்களைப் போன்ற பழைய வாசகர்களுக்கும் இருக்கிறது. நேசம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

பழைய வாசகர்களான நம்மிடமும் ஒன்று கேட்பேன். அலமாரியில் இரட்டைப் படியாக இருப்பதைப் பாலிதீன் உறையிலிருந்து வெளியே எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அட்டை மடங்கும், மூலை கிழியும், ஒரு பக்கம் காணாமல்கூடப் போகும். நாம் படித்த பிரதிகளும் அப்படித்தான் ஆயின. டிசி நிறுவனம் 52 முறை ஒன்றாம் எண் போட்டும் கிடைக்காத தொடக்கம், மாயாவியை இதுவரை கேள்விப்படாத ஒரு பிள்ளை முதல் பக்கத்தைத் திறக்கும்போது கிடைத்துவிடுகிறது. அதற்கு ஆக்ஸ்போர்டின் அனுமதி தேவையில்லை. நாம் கொடுத்தால் போதும்.